பெயரைத்தான் அடித்துவிட்டோமே

பயிற்சி வகுப்பில் முதல் நாளே உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள்: ஆராய்ச்சிக்காக நோயாளிகளின் பதிவேடுகளை யாராவது கேட்டால் பெயர், ஆஸ்பத்திரி எண், போன் நம்பர், ஆதார் நான்கையும் நீக்கிவிட்டுக் கொடுங்கள், பிறகு கவலை இல்லை. எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் ஓர் அறக்கட்டளை மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் முப்பது வருடம் இருந்து, அதன் பொறுப்பாளராக ஓய்வு பெற்றவள் நான். 'பிறகு கவலை இல்லை' என்ற அந்தக் கடைசி மூன்று சொற்களை இன்று யார் சொன்னாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது. அது ஏன் என்று புதிதாக வந்திருக்கும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதில் வரும் பெண்ணிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகுதான் சொல்கிறேன். அவர் மாற்றச் சொன்ன விவரங்களை மாற்றியிருக்கிறேன். எது மாற்றியது, எது மாற்றாதது என்று தேட வேண்டாம். அப்படித் தேடுகிற பழக்கம்தான் அவரைப் பாடாய்ப் படுத்தியது.

எனக்கு ஓய்வுக்கு மூன்று வருடம் இருந்தபோது, சென்னையிலிருந்து ஓர் ஆய்வுக் குழு வந்தது. பிரசவத்துக்குப் பிறகு சில பெண்களுக்கு வரும் மனநோயைப் பற்றிய ஆய்வு. நல்ல ஆய்வு. அதை நான் இன்றும் குறை சொல்ல மாட்டேன். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பிள்ளை பெற்றவள் தூங்காமல் பிதற்றினால் காத்துக் கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிக்கொண்டு போவார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் மாதக்கணக்கில் ஆகிவிடும். எந்த ஊர்களில் இது அதிகம், எவ்வளவு தாமதமாக வருகிறார்கள் என்று தெரிந்தால் கிராம நர்சுகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்பது அவர்கள் திட்டம். எங்கள் மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவும் ஒப்புதல் கொடுத்துவிட்டது.

வயது, தொழில், ஊர், எத்தனை குழந்தைகள், என்ன அறிகுறி, எத்தனை நாள் சிகிச்சை. இவைதான் அவர்கள் கேட்டவை. பத்து வருடப் பதிவேடுகளைப் புரட்டி, அட்டவணை போட்டு, அடையாளம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த நான்கையும் ஒன்று விடாமல் நீக்கினேன். இரண்டு முறை சரிபார்த்தேன். எனக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது.

அன்று சாயங்காலம் மனநலப் பிரிவின் ஸ்டாஃப் நர்ஸ் ஒரு பைலைத் திருப்பிக் கொடுக்க வந்தார். என் வயதுதான் அவருக்கும். திரையை எட்டிப் பார்த்தவர், "பேரு இல்லாட்டி இன்னா மேடம், இந்த மூணாவது ஆளு யாருன்னு எனக்குத் தெரியுதே" என்றார்.

"நீங்க வார்டுல பாத்தவங்க, உங்களுக்குத் தெரியும். ஊருக்கா தெரியப்போவுது?" என்றேன்.

"ஊருக்குத்தான் மேடம் மொதல்ல தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குக் கூடுவாஞ்சேரிக்கு ரயில் பிடிக்க வேண்டியிருந்தது. அவர் சொன்னதை யோசிக்க இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்தை நான் ஒதுக்கவில்லை. அட்டவணையை அனுப்பிவிட்டுக் கிளம்பினேன்.

ஒரு வருடம் கழித்து ஆய்வு முடிவை வெளியிடும் கூட்டத்தை மாமல்லபுரம் போகும் வழியில் கடலோர ரிசார்ட் ஒன்றில் வைத்தார்கள். என்னையும் அழைத்திருந்தார்கள். குளிரூட்டிய அறை, கண்ணாடிக்கு வெளியே கடல், மத்தியானம் இறால் வறுவலோடு சாப்பாடு. மேடையில் எனக்கு ஒரு சால்வையும், கருங்கல்லில் செதுக்கிய சின்ன யானையும் கொடுத்தார்கள். திரையில் புள்ளிவிவரங்களுக்கு நடுநடுவே எட்டுப் பெண்களின் கதையைச் சுருக்கமாகக் காட்டினார்கள். கேட்கிறவர்கள் மனதில் பதிய வேண்டும் என்பதற்காகவாம். அதே எட்டுக் கதைகளைத் தமிழில் சிறு புத்தகமாகவும் அச்சிட்டு, கிராம நர்சுகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் அனுப்பியிருந்தார்கள். நான் அந்தப் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். படிக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து அதைப் படித்துவிட்டு ஒருவர் வந்தார்.

செய்யூர் பக்கம், சவுக்குத் தோப்புகளுக்கு நடுவில் இருக்கும் ஓர் ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். முப்பத்தேழு, முப்பத்தெட்டு வயது இருக்கும். இஸ்திரி போட்ட பருத்திப் புடவை, தோளில் பை. நோயாளிகள் எங்கள் பிரிவுக்குள் வருவதில்லை. அவரோ யாரிடமோ வழி கேட்டு நேராக என் மேஜைக்கே வந்து, அந்தப் புத்தகத்தைப் பிரித்து வைத்தார். ஒரு பத்தியைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டிருந்தது.

படித்தேன். 'செய்யூர் வட்டம், க. கிராமம். 31 வயது அங்கன்வாடிப் பணியாளர். இரட்டைக் குழந்தைகள் பிறந்த மூன்றாவது வாரம், குழந்தைகளை யாரோ மாற்றிவிட்டார்கள் என்று நம்பினார். அவற்றுக்குத் தீங்கு செய்யும் எண்ணம் இருப்பதாக மருத்துவரிடம் கூறினார்.' பதினெட்டு நாள் உள்நோயாளியாக இருந்தார் என்று அதில் இருந்தது. முழுமையாகக் குணமானார் என்பதும் இருந்தது, அடுத்த பக்கத்தில்.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. இருந்தும் வாயிலிருந்து வந்தது வேறு. "பேர் எதுவும் போடலியேம்மா" என்றேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். என் முதல் பதில் அதுதான்.

அவர் கோபப்படவில்லை. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னார். "ஊர்ல பால்வாடி ஒண்ணுதான் கீது மேடம். அதுல டீச்சர் நான் ஒருத்திதான். ரெட்டைப் புள்ளையும் எங்க வூட்ல மட்டுந்தான் கீது. பேரு வேற எதுக்கு?"

அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் வேர்க்கடலை பறித்துக் கூலிக்குப் போனவர்கள். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியவர் இவர். ஊரில் எல்லாரும் இவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். பிரசவத்துக்குப் பிறகு வந்த நோய் ஒன்றரை வருட மருந்தில் சரியாகி, டாக்டரே மருந்தை நிறுத்திவிட்டார். அதன்பின் ஐந்து வருடமாக ஊர்ப் பிள்ளைகளை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். அவருடைய இரட்டைப் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பு படிக்கிறார்கள். அந்தப் பதினெட்டு நாளை 'ரத்தசோகைக்கு ஆஸ்பத்திரியில் இருந்தாள்' என்றுதான் வீட்டில் ஊருக்குச் சொல்லியிருந்தார்கள்.

யாரோ அந்தப் பக்கத்தைப் போனில் படம் பிடித்து ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார்கள். மறுநாள் காலை ஒரு தகப்பன் வந்து, உள்ளே வராமல் வாசலிலேயே நின்று, மகளை அனுப்பச் சொன்னாராம். அடுத்த நாள் இன்னும் மூன்று பேர். ஒரு வாரத்தில் இருபத்திரண்டு பிள்ளைகளில் நான்கு மிஞ்சின. அவித்த முட்டையை என்ன செய்வது என்று தெரியாமல் சமையல் உதவியாளரும் இவரும் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். கூடப் படித்த தோழி ஒருத்தி, பிள்ளையை அழைத்துப்போக வந்தவள், தப்பா எடுத்துக்காதே என்று கையைப் பிடித்து அழுதாளாம். "அவ அழுததுதான் மேடம் எனக்குத் தாங்கல" என்றார் டீச்சர்.

அந்தப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

அவரை எங்கள் கண்காணிப்பாளரிடம் அழைத்துப் போனேன். ஆய்வுக் குழுவின் தலைவருக்கும் சொல்லி அனுப்ப, இரண்டு நாளில் அவரும் சென்னையிலிருந்து வந்தார். படித்தவர், நிதானமானவர், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்று அவர் பேசியதை நினைத்தால் இன்றும் எனக்குக் காது சூடாகிறது. பெயர் எங்கேயும் இல்லை என்றார். ஊர்ப் பெயரில் ஓர் எழுத்துதானே போட்டோம் என்றார். கடைசியில், "ஆளை அடையாளம் கண்டுபிடிச்சது ஊர்க்காரங்க. நாங்க இல்லை" என்றார்.

மறுபடி வரவழைத்திருந்த டீச்சர் எதிரே உட்கார்ந்திருந்தார். அவர் ஒருவர் அங்கே இருப்பதாகவே யாரும் காட்டிக்கொள்ளவில்லை. நாற்காலியைத் தவிர வேறு எதையும் அவருக்குக் கொடுக்கவில்லை, ஒரு தம்ளர் தண்ணீர்கூட. உங்கள் அனுபவம் எத்தனை தாய்மார்களுக்குப் பயன்படுகிறது, நீங்கள் பெருமைப்பட வேண்டும் என்று தலைவர் அவரிடம் சொன்னார். பெருமையாம்.

பிறகு கண்காணிப்பாளர் அட்மிஷன் படிவத்தை எடுத்துவரச் சொன்னார். அதில் பொடி எழுத்தில் ஒரு வரி உண்டு: சிகிச்சை விவரங்களை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தச் சம்மதம். அதைக் காட்டி, சம்மதம் இருக்கிறதே என்று முடித்துவிடப் பார்த்தார்கள். கையெழுத்து யாருடையது என்று பார்த்தேன். கணவருடையது. அன்று டீச்சர் தன் பெயரையே சரியாகச் சொல்ல முடியாத நிலையில் இருந்தார் என்று அதே பைலில் டாக்டர் எழுதியிருந்தார். குணமான பிறகு ஒன்றரை வருடம் மாதாமாதம் வந்துபோனாரே, ஒரு நாளாவது யாராவது அவரைக் கேட்டோமா? நான் இதைச் சொன்னதும் கண்காணிப்பாளர் படிவத்தைப் பைலுக்குள் திருப்பி வைத்தார்.

அன்று மாலையே நெறிமுறைக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஊர், தொழில், இரட்டைக் குழந்தை மூன்றையும் சேர்த்து அனுப்பியது நான், நர்ஸ் எச்சரித்தும் கேட்காதது நான், என்று முதல் பத்தியிலேயே எழுதினேன். உன் தலையில் நீயே ஏன் மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறாய் என்று கூட வேலை பார்த்தவர்கள் கேட்டார்கள். என் தவறை மறைத்துவிட்டு அடுத்தவர் தவறைக் கேட்டால், அந்தக் கடிதத்தை யார் மதிப்பார்கள்?

இதற்குள் இன்னொன்று வந்து சேர்ந்தது. டீச்சர் வேலை பார்க்கும் துறையின் அலுவலகத்துக்கு யாரோ மனுப் போட்டிருந்தார்கள். அங்கிருந்து எங்களுக்குக் கடிதம்: இவர் சிறு குழந்தைகளோடு பணிபுரியத் தகுந்தவரா என்று முடிவு செய்ய, இவருடைய மருத்துவக் கோப்பின் முழு நகலை அனுப்பவும்.

இந்த இடத்தைக் கவனியுங்கள். ஒரு பத்தி வெளியே போனதற்கே இந்தப் பாடு. அதைச் சரிசெய்ய முழுக் கோப்பையும் கேட்கிறார்கள். அந்தக் கோப்பில் அவர் நோயில் பேசிய ஒவ்வொரு வாக்கியமும் இருக்கிறது. மாமியாரைப் பற்றி, கணவரைப் பற்றி, தன் உடம்பைப் பற்றி.

கண்காணிப்பாளர் என்னைக் கூப்பிட்டார். "கவர்மென்ட் லெட்டர் மேடம். ஜெராக்ஸ் போட்டு அனுப்பிடுங்க, நம்ம தலைவலி விட்டுது."

டீச்சர் எழுத்தில் சம்மதம் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கோர்ட் உத்தரவு வேண்டும், இரண்டும் இல்லாமல் தர முடியாது என்றேன்.

கண்காணிப்பாளர் கேட்டார். "குழந்தைங்க விஷயம். நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நீங்க பொறுப்பேத்துக்குவீங்களா?"

உங்களையும் ஒருநாள் இப்படித்தான் கேட்பார்கள். பூட்டை உடைக்க வருகிறவர்கள் மிரட்டிக்கொண்டு வர மாட்டார்கள், குழந்தைகளின் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவார்கள். எனக்கும் பேத்தி இருக்கிறாள். அந்த வாரம் நான் செய்யாத யோசனை இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் கோப்பில் இல்லை என்பது மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"அவங்க இன்னிக்கு எப்படி இருக்காங்கன்னு தெரியணும்னா, இன்னிக்கு ஒரு டாக்டர் அவங்களைப் பார்க்கட்டும் சார். ஆறு வருஷத்துக்கு முந்தின காகிதத்தைப் பார்த்து இன்னிக்கு இருக்கிற மனுஷியை எப்படி எடை போடுவாங்க?" என்றேன்.

"அப்ப சாவியைக் குடுங்க. நான் வேற ஆளை வெச்சுப் பண்ணிக்கிறேன்."

"தர்றேன் சார். சம்மதம் இல்லாம இந்தக் கோப்பைக் குடுக்கச் சொல்றதா நீங்க எழுத்துல குடுத்திடுங்க. கையெழுத்தோட."

அவர் பேனாவை எடுத்தார். ஒரு தாளையும் இழுத்துக்கொண்டார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, என்னைப் போகச் சொன்னார். வாயால் சொல்கிற பலர் கையால் எழுத மாட்டார்கள். முப்பது வருடத்தில் என்னைக் காப்பாற்றியது இந்த ஒரு பாடம்தான். எந்த ரகசியத்தை எடுத்துக் கொடு என்று யார் சொன்னாலும், எழுத்தில் கேளுங்கள்.

டீச்சரிடம் போனில் நடந்ததைச் சொன்னேன். கோப்பு அவருடையது, அவர் விரும்பினால் நகல் வாங்கித் தானே கொடுக்கலாம், அதுவும் அவர் உரிமை என்றேன். அவர் ஒரு நாள் அவகாசம் கேட்டார். மறுநாள் சொன்னார்: "அத்த நான் காட்ட மாட்டேன் மேடம். டாக்டர் பாக்கணும்னா பாக்கட்டும், நான் வர்றேன். அந்தப் பதினெட்டு நாளு என்னோடது."

அப்படியே நடந்தது. அவர் ஒப்புக்கொண்ட ஒரு டாக்டர் பரிசோதித்து, பணிக்குத் தகுதியானவர் என்று ஒற்றை வரிச் சான்று கொடுத்தார். கோப்பிலிருந்து ஒரு தாளும் வெளியே போகவில்லை. துறையும் விசாரணையை மூடிவிட்டது. அவ்வளவு நாளும் டீச்சர் ஒரு நாள்கூட லீவு போடாமல், நான்கு பிள்ளைகளுக்காகக் காலையில் கதவைத் திறந்து, பாட்டுச் சொல்லிக்கொடுத்து, தூங்க வைத்து அனுப்பிக்கொண்டிருந்தார். கோடை விடுமுறை முடிந்ததும் பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். எல்லாரும் இல்லை. இரண்டு குடும்பங்கள் இன்றும் ஆட்டோ வைத்து அடுத்த ஊருக்கு அனுப்புகின்றன. அழுத தோழியின் பிள்ளை திரும்பி வந்தது. அவர்கள் இருவரும் பழையபடி பேசுவதில்லை.

நெறிமுறைக் குழு என் கடிதத்தை எடுத்துக்கொண்டது. எனக்கு எழுத்துப்பூர்வமான எச்சரிக்கை வந்தது. நியாயம்தான். சிறு புத்தகத்தைத் திரும்பப் பெறச் சொன்னார்கள். எத்தனை திரும்பி வந்தன என்று தெரியாது, போன்களில் போன படங்கள் எங்கே திரும்பும்? ஆய்வுக் குழு வருத்தக் கடிதம் ஒன்றை அனுப்பியது. டீச்சர் அதை வாங்க நேரில் வந்தார். 'சம்பந்தப்பட்டவருக்கு' என்று தொடங்கியிருந்தது. முதலிலிருந்து கடைசிவரை அவர் பெயர் இல்லை. நான் ஆய்வுக் குழுவுக்குப் போன் செய்து கேட்டேன். நோயாளியின் ரகசியம் காக்க வேண்டுமே என்று பதில் வந்தது.

டீச்சர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். "மன்னிப்பு கேக்கறப்ப மட்டும் நான் யாருன்னு தெரியலியா இவங்களுக்கு?" என்றார். கடிதத்தை என் மேஜையிலேயே வைத்துவிட்டு எழுந்தார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து கேட்டார்: "அந்தப் புக்குல இன்னும் ஏழு பேர் கீறாங்களே. அவங்களுக்கு இன்னா ஆச்சு?"

இத்தனை வாரமாக இந்தக் கேள்வி எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கண்காணிப்பாளருக்கு இல்லை, நெறிமுறைக் குழுவுக்கு இல்லை, கடிதம் எழுதிய எனக்கும் இல்லை.

அதற்குப் பிறகு நாங்கள் வழக்கத்தை மாற்றினோம். இன்று உங்கள் கையில் இருப்பது அந்த வழக்கம்தான். ஊருக்குப் பதில் மாவட்டம், தொழிலுக்குப் பதில் பொதுவான வகை, வயதுக்குப் பதில் வயது வரம்பு. தனித்துத் தெரிகிற விவரம் எதுவானாலும் வெளியே. எந்த அட்டவணையும் போவதற்கு முன் வார்டில் வேலை பார்த்த ஒருவர் அதைப் படிக்க வேண்டும். இது இன்னார் என்று அவருக்கு ஒரு வரியில் தெரிந்தாலும் அந்த வரி போகக் கூடாது. இப்படிச் செய்தால் ஆய்வு கெட்டுப்போகும் என்று உங்களிடம் வாதாடுவார்கள். கெட்டுப்போகவில்லை. நான் இருந்தவரை நான்கு ஆய்வுகள் அப்படியே நடந்தன. கொஞ்சம் மெனக்கெட வேண்டும், அவ்வளவுதான். அந்த மெனக்கெடலுக்குச் சோம்பல்பட்டுத்தான் ஒரு பெண்ணின் வாழ்க்கையை எடுத்து ரிசார்ட்டில் திரை போட்டுக் காட்டினோம்.

அந்த ஏழு பேரைப் பற்றி நானும் அந்த ஸ்டாஃப் நர்ஸும் உட்கார்ந்து பேசினோம். 'நான் அப்பவே சொன்னேன்' என்று அவர் ஒரு முறைகூடச் சொல்லவில்லை. அந்தப் பெண்களிடம், அவர்கள் கதை புத்தகத்தில் வந்துவிட்டதைச் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் எப்படி? ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் போய் வீட்டு வாசலில் நின்றால், தெரியாத ஊருக்கும் தெரிந்துவிடும். கடிதம் போட்டால் யார் பிரிப்பார்களோ. போன் செய்தால் யார் எடுப்பார்களோ. கடைசியில், மாத்திரை வாங்கவோ மறுபரிசோதனைக்கோ அவர்கள் வரும்போது, தனி அறையில் டாக்டரும் நர்ஸும் சொல்வது என்று முடிவு செய்தோம்.

ஆறு மாதத்தில் மூன்று பேர் வந்தார்கள். அவர்களிடம் சொல்லப்பட்டது. அவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்று நர்ஸ் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நான்கு பேர் வரவில்லை. அதில் இரண்டு பேர், அந்தப் புத்தகம் வெளிவரும்வரை ஒரு மாதம்கூடத் தவறாமல் வந்து மாத்திரை வாங்கிப் போனவர்கள். நான் ஓய்வு பெற்ற நாளன்றும் வார்டுக்குப் போய்க் கேட்டேன். நர்ஸ் இல்லை என்று தலையை அசைத்தார். மருந்தை நிறுத்திவிட்டார்களா, வேறு ஆஸ்பத்திரிக்குப் போகிறார்களா, வீட்டை விட்டே அனுப்பிவிட்டார்களா, யாருக்கும் தெரியாது. அவர்களுடைய ஊர் எது, வேலை என்ன, எத்தனை பிள்ளைகள் என்று இன்றும் எனக்கு மனப்பாடம். போய்க் கதவைத் தட்ட மட்டும் முடியாது.